கெட்டிலில் காய்ச்சிய பால்

(ராஜபாளையத்தில் நூலக வாசகர்கள் கூடிய ஞாயிறு மாலைக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



'மாறிவரும் குடும்பம்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்தார்கள். மில்லில் கணக்கு எழுதுகிறவள் நான். அவ்வளவு பெரிய தலைப்பைத் தூக்க என்னால் ஆகாது என்று சொல்லி, ஒரு சனி ஞாயிறாகக் குறைத்துக்கொண்டேன். சென்னையில் புதிதாக வீடு எடுத்துத் தங்கியிருக்கும் என் தங்கையைப் பார்க்கப் போன சனி ஞாயிறு. இதில் பேச என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். இந்த மண்டபத்தில் பாதிப் பேர் வீட்டிலாவது சென்னையிலோ பெங்களூரிலோ கோயம்புத்தூரிலோ ஒரு பிள்ளை இருக்கும். அங்கே போய் வந்தவர்கள் இங்கே வந்து என்ன சொன்னார்கள், எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பேச நிறைய இருப்பது தெரியும்.

நம் பக்கத்தில் தனிக்குடித்தனம் வைப்பதை ஒரு விசேஷமாகவே செய்வோம். நல்ல நாள் பார்ப்போம். நிறைகுடமும் உப்பும் மஞ்சளும் முதலில் உள்ளே போகும். விளக்கேற்றி, பால் காய்ச்சி, பொங்கும்வரை எல்லோரும் அடுப்பைச் சுற்றி நிற்போம். பெண் வீட்டிலிருந்து பாத்திரம், பண்டம், ஒரு மாதத்துக்கு மளிகை வரும். இதெல்லாம் வெளியே தெரிகிற பகுதி. வெளியே தெரியாத பகுதி ஒன்றும் உண்டு. அம்மா இரண்டு நாள் கூடவே தங்கி, பால் எங்கே வாங்குவது, பக்கத்து வீட்டு அம்மாள் எப்படிப்பட்டவர், கறிவேப்பிலைக்கு யாரைக் கேட்பது என்று எல்லாம் விசாரித்து வைத்துவிட்டு வருவார். அப்பா ஒரு ஆணி அடித்துக் காலண்டர் மாட்டுவார். வீட்டுக்காரரிடம் 'பிள்ளைங்க சின்னஞ்சிறுசு, பார்த்துக்கிடுங்க' என்று ஒரு வார்த்தை சொல்வார். அதாவது, இந்தக் குடித்தனத்துக்குப் பின்னால் ஆள் இருக்கிறது என்று அந்தத் தெருவுக்கே தெரியப்படுத்திவிட்டு வருவார்கள்.

இத்தனையும் கல்யாணம் ஆனவர்களுக்குத்தான். கல்யாணம் ஆகாத ஒரு பெண், தன் சம்பளத்தில், தன் பெயரில் ஒரு வீடு எடுக்கிறாள் என்று வையுங்கள். அவளுக்கு நம்மிடம் எந்தச் சடங்கும் கிடையாது. நாள் பார்க்க மாட்டோம், சீர் கொண்டுபோக மாட்டோம். 'எத்தனை நாளைக்கு, ஒரு வரன் அமையிற வரைக்கும்தானே' என்று தற்காலிகக் கணக்கில் எழுதிவிடுவோம். அந்த வெற்றிடத்தை, யாரும் திட்டம் போடாமலே, அக்காவோ அண்ணனோ தம்பியோ போய்வரும் ஒரு சனி ஞாயிறு நிரப்பிவருகிறது. நான் இன்று சொல்ல வந்தது இதுதான். மீதியெல்லாம் இதற்கான சாட்சியம்.

என் தங்கை விலங்கியல் படித்தவள். மெடிக்கல் கோடிங் என்று ஒரு வேலை. அமெரிக்காவில் ஒருவர் மருத்துவமனைக்குப் போனால், அவருக்கு என்ன நோய், என்ன சிகிச்சை என்று மருத்துவர் எழுதியதை, காப்பீட்டு நிறுவனம் பணம் கொடுப்பதற்காக எண்ணும் எழுத்துமான குறியீடுகளாக மாற்ற வேண்டும். நோய்க்கு ஐசிடி என்றும் சிகிச்சைக்கு சிபிடி என்றும் தனித்தனிப் பட்டியல்கள் இருக்கின்றன. தென்மாவட்டங்களில் உயிரியல், நர்சிங், பார்மசி படித்த பிள்ளைகள் எத்தனையோ பேர் இந்த வேலைக்குத்தான் சென்னைக்கு ரயில் ஏறுகிறார்கள். எங்கள் அப்பா இன்னமும் 'ஆஸ்பத்திரியில வேலை' என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார். நாங்கள் திருத்துவதை விட்டுவிட்டோம்.

முதலில் பெண்கள் விடுதியில் இருந்தாள். ஆண்களுக்கு அந்தக் காலத்திலேயே திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் இருந்தன. ஊரிலிருந்து வேலை தேடி வந்த தலைமுறைகள் அந்தச் சின்ன அறைகளில் காலம் தள்ளியிருக்கின்றன. ஊரிலிருந்து தம்பி வந்தால் ஒரு பாயை விரித்துப் படுக்க வைத்துவிடலாம். பெண்கள் விடுதியில் அது நடக்காது. வருகிறவர் வாசலில் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும், முன்னறையில் உட்கார்ந்து பேசிவிட்டுக் கிளம்ப வேண்டும். இந்த விடுதிகளை முறைப்படுத்த 2014-ல் தமிழகத்தில் தனிச்சட்டமே வந்தது. அரசே 'தோழி' என்ற பெயரில் விடுதிகள் நடத்துகிறது. கட்டுப்பாடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால், ஒரு பெண் எவ்வளவு சம்பாதித்தாலும் தன் சொந்த அக்காவுக்கு ஒரு வாய் சோறு போட்டுப் படுக்க இடம் கொடுக்க முடியாது என்றால், அந்த இடத்தில் அவள் குடியிருக்கிறாள் என்று சொல்ல முடியாது. தங்கியிருக்கிறாள், அவ்வளவுதான்.

பிறகு வீடு தேடினாள். வேளச்சேரி, மடிப்பாக்கம், ஆதம்பாக்கம் என்று அலைந்தாள். போன இடமெல்லாம் ஒரே விசாரணை. தனியாகவா? என்ன வேலை? ராத்திரி எத்தனை மணிக்கு வருவீர்கள்? சைவமா, அசைவமா? கடைசிக் கேள்விக்கு எதற்காகப் பதில் கேட்கிறார்கள் என்று கேட்டவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். முன்பணம் பத்து மாத வாடகை என்பது சென்னையின் நெடுநாள் வழக்கம். மூன்று மாத வாடகைதான் என்று 2017-ல் ஒரு சட்டம் இயற்றி, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கும் கொண்டுவந்தார்கள். தங்கை அந்தச் சட்டத்தை எடுத்துச் சொன்னாளாம். 'சட்டத்துல போய்க் குடியிரும்மா' என்றாராம் ஒரு வீட்டுக்காரர். கடைசியில் வேளச்சேரியில், இரண்டாம் மாடியில், ஒற்றைப் படுக்கையறை போர்ஷன் கிடைத்தது. நம் ஊரிலிருந்து போய் 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தையே ஆண்ட குமாரசாமி ராஜாவுக்குக்கூட இவ்வளவு கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள்.

நான் போகப்போகிறேன் என்று தெரிந்ததும் அம்மா பை கட்ட ஆரம்பித்தார். இட்லிப் பொடி, பருப்புப் பொடி, புளி, சாத்தூர் சேவு, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, கல் உப்பு. 'உப்பு மெட்ராஸ்ல கிடைக்காதாம்மா?' என்றேன். 'முதல்ல போற உப்பு நம்ம வீட்டு உப்பா இருக்கட்டும்' என்றார். அவருக்குத் தெரிந்த சடங்கை என் பைக்குள் மடித்து வைக்கிறார் என்று அப்போதுதான் எனக்குப் பட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பொதிகை ரயிலில் ஏறினேன். முன்பெல்லாம் சென்னைக்குப் போகிற உறவுக்காரர்கள் பதினைந்து நாள், ஒரு மாதம் என்று தங்குவார்கள். படிக்கப் போன பிள்ளை மாம்பலத்தில் பெரியப்பா வீட்டிலேயே பட்டம் வாங்கும்வரை இருந்துவிடும். இன்றைக்கு அவளுக்கும் திங்கட்கிழமை வேலை, எனக்கும் திங்கட்கிழமை வேலை. கிடைப்பது இரண்டு பகல், ஒரு இரவு.

விடியற்காலையில் தாம்பரத்தில் இறங்கினேன். தங்கை வந்திருந்தாள். கண்ணில் தூக்கம், கையில் எனக்காக ஒரு தண்ணீர் பாட்டில். 'அக்கா, அங்கிட்டுப் போகாத, இங்கிட்டு வா' என்று என் பையைப் பிடுங்கிக்கொண்டாள். முன்புறம் பிங்க் வண்ணம் அடித்த பஸ் வரும்வரை நிற்க வைத்தாள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். நம் ஊரில் அது மார்க்கெட்டுக்குப் போய்வரும் காசை மிச்சம் பிடிக்கிறது. சென்னையில் அது ஒரு பெண்ணின் மாதக் கணக்கில் தனி வரியாகவே நிற்கிறது. அவள் நோட்டில் நானே பார்த்தேன்: 'பஸ் - 0' என்று எழுதி, அடியில் கோடு போட்டிருந்தாள். கணக்கு எழுதுகிறவளின் தங்கை.

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகும் சாலை பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை ஒட்டிப் போகிறது. 2022-ல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்த இடம். ஒரு பக்கம் கோரைப்புல்லும் நீர்ப்பறவையும், மறு பக்கம் அடுக்குமாடி. தென்சென்னையின் மழைத் தண்ணீர் வந்து தங்கிக் கடலுக்குப் போவதற்கு இருந்த இடத்தைப் பெரும்பகுதி குப்பை கொட்டியும் கட்டடம் கட்டியும் குறைத்துவிட்டார்கள். அதன் விளைவை வீட்டுக்காரர் வாயாலேயே பிறகு கேட்டேன்.

வீட்டுக்குள் போனதும் நான் முதலில் பார்த்தது அடுப்பை. ஒரு மின் அடுப்பு, ஒரு ஐந்து கிலோ சிலிண்டர். முகவரிச் சான்று இல்லாமல் வாங்க முடிவது அந்தச் சின்ன சிலிண்டர்தான். 'பால் காய்ச்சினியா?' என்றேன். 'காய்ச்சினேன்' என்றாள். 'எதுல?' சிரித்துக்கொண்டே ஒரு மூலையைக் காட்டினாள். விடுதியிலிருந்து கொண்டுவந்த மின்சாரக் கெட்டில். குடிவந்த அன்று அடுப்பு வந்து சேரவில்லை. ஒரு பாக்கெட் ஆவின் பாலைக் கெட்டிலில் ஊற்றிக் காய்ச்சி, பொங்குகிற நேரத்தில் தானாக அது அணைந்துவிட, தனியாக நின்று குடித்திருக்கிறாள். இதைப் போனில் அம்மாவிடம் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லவில்லை. நேரில் போனதால் தெரிந்தது.

சனிக்கிழமை பத்து மணிக்கு வீட்டுக்காரர் மேலே வந்தார். 'யார் வந்திருக்கா?' என்று என்னைப் பார்த்தபடியே அவளிடம் கேட்டார். அக்கா என்றாள். 'எத்தனை நாள்?' நாளை இரவு கிளம்புகிறார் என்றாள். அவர் முகம் தெளிந்தது. எனக்குச் சுருக்கென்றது, உண்மைதான். ஆனால் அவரை உட்காரச் சொல்லி பால்கோவா கொடுத்துப் பேச்சுக் கொடுத்ததும் விஷயம் வேறாக இருந்தது. 2015 டிசம்பரில் அவர் வீட்டின் கீழ்த்தளத்துக்குள் வெள்ளம் புகுந்திருக்கிறது. தண்ணீர் நின்ற உயரத்தைச் சுவரில் கோடு போட்டு வைத்திருக்கிறார். அதே வீட்டில் 2019 கோடையில் போர் வற்றி, லாரிக்குப் பணம் கட்டிக் காத்துக் கிடந்திருக்கிறார். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குத் தண்ணீர் கொண்டுவந்த வருஷம் அது. அதற்குப் பிறகு அவர் ஆளை எண்ணுவதில்லை, வாளியை எண்ணுகிறார். ஒரு விருந்தாளி என்றால் இத்தனை வாளி என்று அவர் மனதில் ஓடுகிறது.

குழாயில் தினமும் தண்ணீர் வரும் வீட்டில் நான் வளரவில்லை. நம் ஊர்க்காரர்களுக்கு அரை வாளியில் குளிப்பதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதை அவரிடம் சொன்னேன். 'அப்ப இன்னும் ரெண்டு நாள்கூட இருந்துட்டுப் போங்க' என்று சிரித்தார். எங்கள் அப்பா வந்திருந்தால் சொல்லியிருக்கக்கூடிய அந்த ஒரு வார்த்தையையும் சொல்லிவைத்தேன். 'தனியா இருக்கான்னு நினைக்காதீங்க சார், நாங்க அடிக்கடி வருவோம்.' இதைச் சொல்லும்போது மின்கட்டணப் பேச்சையும் எடுத்தேன். இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம் என்று அரசு கொடுப்பது இணைப்புக்கு. தனி மீட்டர் வைத்து யூனிட்டுக்கு ஒரே விலை போடும் வீடுகளில் அந்த நூறு யூனிட் மாடியேறி வருவதே இல்லை. அந்தப் பேச்சுக்கு மட்டும் அவர் காது கேட்கவில்லை. இன்னொரு பால்கோவா கொண்டுபோக வேண்டும் போலிருக்கிறது.

சென்னைக்குப் போனாயே, என்ன பார்த்தாய் என்று எல்லோரும் கேட்கிறார்கள். கடற்கரை பார்த்தேன். வேளச்சேரியில் இருக்கும் பெரிய மாலுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி, ஒன்றும் வாங்காமல் வந்தேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு நகரத்தைக் காட்டியே ஆக வேண்டும் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். நான் கேட்டது வேறு. 'நீ போற வழியைக் காட்டு' என்றேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் காட்டினாள். வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறினால் பெருங்குடி, அடுத்தது தரமணி. அங்கேதான் அவள் அலுவலகம். எந்தப் படியில் இறங்கினால் வெளிச்சம் இருக்கும், எந்த வாசல் இரவில் ஆளில்லாமல் கிடக்கும், எந்தக் கடைக்காரர் பத்து மணிவரை ஷட்டரை இறக்காமல் இருப்பார் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். பிரம்மாண்டமாகக் கட்டி, பாதி இடம் காலியாகக் கிடக்கும் நிலையங்கள் அவை. ஒரு பெண் அங்கே எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு அவளிடம் முழு வரைபடம் இருக்கிறது. அதை அவள் தானாகத்தான் வரைந்திருக்கிறாள். எட்டாம் வகுப்புவரை என் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் வந்தவள், 'ரோட்டைத் தாண்டும்போது என்னையப் பிடிச்சுக்கக்கா' என்றாள். பிடித்துக்கொண்டேன். இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. மூத்தவள் என்பது பிறந்த தேதி. வழி தெரிந்தவள் என்பது வேறு பதவி, அது ஊருக்கு ஊர் மாறும்.

பிறகு தரமணியைத் தாண்டி அதே ரயில் தடத்தில் கோட்டூர்புரம்வரை போனோம். குறைந்தபட்சக் கட்டணம், ஐந்து ரூபாய். 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு அவள் ஞாயிறுதோறும் போகிறாளாம். சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிப்பதற்கு அங்கே தனிப் பிரிவு இருக்கிறது. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் காலையிலேயே வந்து இடம் பிடித்துவிடுகிறார்கள். என் தங்கை சிபிசி என்ற சான்றிதழ்த் தேர்வுக்குப் படிக்கிறாள். அது முடிந்தால் சம்பளம் ஏறும். நூலகத்தில் கூடி நிற்கும் நாம் பெருமைப்படலாம். ஆனால் முழு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் வீடு மதியம் கொதிக்கிறது, மின்விசிறி போட்டால் மீட்டர் ஓடுகிறது, நூலகத்தில் ஏசி இலவசம். அறிவுக்காக மட்டுமே நூலகம் போகிறார்கள் என்று சொல்வது மேடைப் பேச்சு.

சனிக்கிழமை இரவு இருவரும் ஒரே பாயில் படுத்துப் பேசிக்கொண்டிருந்தோம். மூன்று நாள் காய்ச்சலாக இருந்ததை, தானே ஆட்டோ பிடித்து மருத்துவரிடம் போனதை, கஞ்சி வைக்க எழ முடியாமல் ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தின்றதை அன்றைக்குத்தான் சொன்னாள். 'ஏன்டி, ஒரு போன் பண்ண மாட்டியா?' 'பண்ணினா அம்மா வீட்டைக் காலி பண்ணுன்னு சொல்லும்' என்றாள். சரிதான். அம்மா அப்படித்தான் சொல்லியிருப்பார். வேறு சிலவும் சொன்னாள். இந்தப் பேச்சு அச்சில் வரப்போகிறது என்று ஏற்பாடு செய்தவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டதால், அவை என்னோடு இருக்கட்டும்.

திங்கட்கிழமை காலையில் வீட்டுக்குள் கால் வைத்ததும் அம்மா கேட்டார்: 'எப்படி இருக்கா?' இந்தக் கேள்வி சாதாரணமானது அல்ல. போனில் தினமும் அவளிடமே கேட்கிற கேள்விதான். ஆனால் போய்ப் பார்த்தவளின் வாயால் வருகிற பதிலுக்குத்தான் மதிப்பு. வீடு காற்றோட்டமாக இருக்கிறது, கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள், வீட்டுக்காரர் நல்ல மனிதர், கொஞ்சம் கணக்குப் பார்ப்பவர் என்றேன். காய்ச்சலைச் சொல்லவில்லை. கெட்டிலைச் சொன்னேன். அம்மா சிரித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'பாலு பொங்குச்சாமா?' என்று மட்டும் கேட்டார். எதைச் சொல்வது, எதை விடுவது என்று தீர்மானிக்கும் உரிமை உடன்பிறந்தவருக்கு உண்டு என்று நான் நினைக்கிறேன். இங்கே இருக்கிற தாய்மார்கள் சிலர் முகம் சுளிக்கிறீர்கள். பரவாயில்லை. எல்லாவற்றையும் வந்து ஒப்பிக்கிற அக்காவிடம் எந்தத் தங்கையும் அடுத்த முறை வாய் திறக்க மாட்டாள்.

இங்கே அண்ணன் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. வேவு பார்க்கப் போகாதீர்கள். அலமாரியைத் திறந்து பார்ப்பது, போன் வந்தால் யார் என்று கேட்பது, 'இவ்வளவு வாடகையா' என்று வாயைப் பிளப்பது, இதற்கெல்லாம் ரயில் டிக்கெட் வீண். தம்பி சென்னையில் அறை எடுத்தால் நாம் இதையெல்லாம் செய்வதில்லை. 'சாப்பிட்டியாடா' என்பதோடு முடித்துக்கொள்கிறோம். தங்கை என்றால் மட்டும் சோதனை அதிகாரி ஆகிவிடுகிறோம். மாதக் கடைசியில் போகாதீர்கள். போனால் உங்கள் சாப்பாட்டுக்காக அவள் எதையாவது குறைத்துக்கொள்வாள், சொல்லவும் மாட்டாள். கையில் பணம் கொடுத்தால் வாங்க மாட்டாள் என்று தெரிந்து நான் அரிசி டப்பாவுக்குள் இரண்டாயிரம் ரூபாய் வைத்துவிட்டு வந்தேன். ரயில் செங்கல்பட்டைத் தாண்டுவதற்குள் அதே தொகை ஜிபேயில் என் கணக்குக்குத் திரும்பி வந்துவிட்டது. அரிசி டப்பாவை ஏன் அன்றைக்கே திறந்தாள் என்பதுதான் எனக்கு இன்னமும் விளங்கவில்லை.

எங்கள் அப்பா இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிறார், மூன்றாவது வரிசை. 'அவ இங்க வரட்டும், நான் எதுக்கு அங்க வரணும்' என்று சொல்லிவருகிறார். ரயில்வே இப்போது அறுபது நாளுக்கு முன்னால்தான் முன்பதிவைத் திறக்கிறது. அது திறந்த அன்றைக்கே காலை எட்டு மணிக்கு அம்மாவுக்கும் அவருக்கும் டிக்கெட் போட்டுவிட்டேன். வர மறுத்தால் என்ன செய்வது என்று விதியைப் படித்துப் பார்த்தேன். ஒருவர் டிக்கெட்டில் அவருடைய தாய், தந்தை, உடன்பிறந்தவர், பிள்ளை, மனைவி அல்லது கணவர் போகலாம். ரயில் கிளம்ப இருபத்து நான்கு மணி நேரத்துக்கு முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கள் சித்தி பெட்டியைக் கட்டித் தயாராக இருக்கிறார். ஆனால் மச்சினிக்கு அந்த விதியில் இடமில்லை. ஆகவே அப்பா, நீங்கள்தான் போயாக வேண்டும். சுத்தியலும் ஆணியும் பையில் வைத்திருக்கிறேன். அந்த வீட்டில் இன்னும் காலண்டர் மாட்டவில்லை.